இரண்டு ரூட், ஒரே பள்ளம்

குடிநீர்க் குழாய் பதிக்க வந்த பொக்லைன் ஒரு ராத்திரி எங்கள் ஃபைபர் கேபிளை வாரி இழுத்துவிட்டது. திரையில் மெயின் ரூட் சிவப்பானது. மாற்று ரூட் இருக்கிறதே என்று நினைப்பதற்குள் அதுவும் சிவப்பு. ஒளித்துடிப்பை அனுப்பி, இழை எவ்வளவு தூரத்தில் அறுந்திருக்கிறது என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியை வைத்து இரண்டையும் அளந்தோம். ஒளி நின்ற இடம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஒரு பாலத்தடி. வரைபடத்தில் தனித்தனிக் கோடுகள். பாலத்தைத் தாண்டும் இடத்தில் மட்டும் ஒரே பள்ளம். இடுப்பளவுக் குழியில் தார்ப்பாய் கட்டி, ஒவ்வொரு இழையாக ஸ்பிளைஸ் போட்டு (உருக்கி ஒட்டி) முடிக்கும்போது விடிந்துவிட்டது.

ஒரே தகவலை இரண்டு வழியிலும் எப்போதும் அனுப்பிக்கொண்டே இருப்பது ஒரு முறை. பழுது தெரிந்ததும் 50 மில்லி செகண்டுக்குள் மறுமுனை நல்ல வழிக்குத் தாவிவிடும். போனில் பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பாதிக் கொள்ளளவு அந்த நகலுக்கே போய்விடும். பல நிலையங்களைப் பல வழிகளில் பின்னிய மெஷ் வலையில், மாற்று வழிக்கான உபரிக் கொள்ளளவைப் பல இணைப்புகள் பங்கு போட்டுக்கொள்ளும். செலவு குறையும், ஆனால் அறுந்த பிறகு வழியிலுள்ள நோடுகள் (நிலையக் கருவிகள்) தங்களுக்குள் பேசி இணைப்பை மாற்ற வேண்டும் என்பதால் நேரம் கூடும். தகவலைச் சுமக்கும் ஒளியின் அலைநீளத்தையே மாற்றி, ஒளியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்களைச் சரிக்கட்ட வேண்டியிருந்தால் சில செகண்டிலிருந்து நிமிடக் கணக்கு வரைகூட ஆகும். அதனால்தான் மாற்று வழியை முன்கூட்டியே கணித்து வைக்கிறோம்.

அந்தக் கணிப்பைச் செய்யும் மென்பொருளுக்குப் பள்ளம் தெரியாது. எந்தெந்தக் கேபிள் ஒரே குழாயில், ஒரே பாலத்தில் போகிறது என்று நாம்தான் பதிந்து வைக்க வேண்டும். எங்கள் பதிவில் அந்தப் பாலம் இல்லை. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

கடலிலும் இதே கதைதான். 2008 ஜனவரி 30 அன்று மத்தியதரைக் கடலில் சீ-மீ-வீ 4, ஃப்ளாக் என்ற இரண்டு கேபிள்களும் ஒரே நாளில் அறுந்தன. இந்தியா வரைக்கும் இணையம் தள்ளாடியது. கிழக்கே பசிபிக் பக்கம் திருப்பிவிட முடிந்தவர்கள் சமாளித்தார்கள்.

மருத்துவமனைக்கோ வங்கிக்கோ இரண்டு லைன் வாங்குகிறவர்கள் தயவுசெய்து ரூட் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கம்பெனியிடம் வாங்கினால் இரண்டு வழி என்று அர்த்தமில்லை. இருவரும் ஒரே டக்டை (கேபிள் போகும் குழாயை) வாடகைக்கு எடுத்திருக்கலாம். கட்டடத்துக்குள் நுழையும் இடத்தையும் பாருங்கள், பல இடங்களில் அங்கே ஒரே ஓட்டைதான். அப்புறம், வேலை குறைவான ஒரு ஞாயிறு விடிகாலையில், எல்லோரிடமும் சொல்லிவிட்டு ஒரு ஃபைபரைக் கழற்றி, மற்ற வழி தாங்குகிறதா என்று பாருங்கள்.

நாங்கள் இப்போது ரூட் முழுக்க நடந்துபோய், சேம்பர் (கேபிள் குழி) மூடியைத் திறந்து, கேபிளில் கட்டியிருக்கும் அடையாள டேகைப் படித்த பிறகே பதிவேட்டில் ஏற்றுகிறோம்.