கோப்பில் இல்லாத மாணவர்கள்

பதவி உயர்வுக் குழுக்களில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். பேராசிரியர் யாராக இருந்தாலும் கோப்பில் ‘என்னிடம் பிஎச்.டி. முடித்தவர்கள்’ என்றொரு பட்டியல் கட்டாயம் இருக்கும். ஒருமுறை அதில் 7 பெயர்கள். சரி, மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டேன். 15. ஒருவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஆய்வுக்கு வழிகாட்டும் வேறு நெறியாளரிடம் மாறிவிட்டார்கள், இல்லையென்றால் படிப்பையே விட்டுவிட்டார்கள். அதற்கு முன் அரைமணி நேரம் நாங்கள் பேசியதெல்லாம் அவருடைய ஹெச்-இண்டெக்ஸைப் பற்றித்தான்.

2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த அந்த எண், ஒருவருடைய கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிடுவது. மாணவர் கொடுத்த ஆய்வேட்டு அத்தியாயத்தை ஆறு மாதம் புரட்டிக்கூடப் பார்க்காதவரை அது காட்டிக்கொடுக்காது.

வகுப்பில் கற்பிப்பதற்காவது, மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிடும் படிவம் இருக்கிறதே என்பீர்கள். 1970-களில் வெளியான ஒரு ஆய்வில், ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்ற நிபுணராக அறிமுகப்படுத்தி, விஷயமே இல்லாத உரையைக் கலகலப்பாகப் பேசவைத்தார்கள். கேட்டவர்கள் படித்தவர்கள்தான், அவர்களே நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். 2018-இல் கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழகத் தகராறில், பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை இந்தப் படிவங்களின் சராசரியை வைத்து அளக்கக் கூடாது என்றே நடுவர் தீர்ப்பளித்தார்.

ஆய்வு மாணவர் விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. நான்கே பேர் இருக்கும் ஆய்வகத்தில் பெயர் போடாத படிவம் என்பது பேருக்குத்தான், இரண்டு வரி படித்தாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். அப்புறம் வேலைக்குப் பரிந்துரைக் கடிதமும் அந்த நெறியாளரிடம்தானே வாங்க வேண்டும்? அதனால் புகாரே வரவில்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்வதை நான் நிறுத்திவிட்டேன்.

இப்போது நான் குழுவில் இருந்தால் சேர்ந்தவர்கள் அனைவரின் பட்டியலையும் கேட்கிறேன், ஒவ்வொருவருக்கும் எத்தனை வருடம் ஆனது என்பதோடு. முடித்துப் போய் இரண்டு மூன்று வருடமானவர்களிடமும் விலகியவர்களிடமும் பேச வேண்டும்; யாரிடம் பேசுவது என்பதைப் பேராசிரியர் அல்ல, குழுவே முடிவு செய்ய வேண்டும். விலகியவர் எல்லாரையும் நெறியாளரின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. உடல்நிலை, குடும்பம், பணம் என்று ஆயிரம் காரணம் இருக்கும். வேறு யாரும் எடுக்கத் தயங்கிய மாணவரை நம்பிச் சேர்த்துக்கொண்டவருக்கு முடித்தவர் எண்ணிக்கை குறையத்தான் செய்யும், அவரைத் தண்டித்தால் அடுத்த முறை யாரும் அப்படிச் சேர்க்க மாட்டார்கள்.

நெறியாளர் தேடும் மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: ஆய்வகத்தில் இப்போது இருக்கும் மாணவரிடம் நெறியாளர் எப்படி என்று கேட்காதீர்கள், பாவம், அவர் என்ன சொல்வார்? போன தடவை கொடுத்த வரைவு எத்தனை நாளில் திரும்பி வந்தது என்று கேளுங்கள்.