நோட்டம்: காசோடு பிறந்த சொல்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் புளி மண்டி வைத்திருக்கும் நண்பர் போன மாதம் பரணை ஒழித்தபோது ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. முழ நீளம் இருக்கும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பலகைகள், பலகை முழுக்க வரிசையாகக் குழிகள். மேல் பலகையில் ஒரு ரூபாய் உட்காரும் அளவு, அடுத்ததில் காலணா, அடியில் சுண்டுவிரல் நகம் அளவு. பக்கவாட்டில் பித்தளைக் கை, அதன் நுனியில் பூதக்கண்ணாடி. கையைத் திருப்பினால் எந்தக் குழிக்கு மேலும் கண்ணாடி வந்து நிற்கிறது.

"இது காயின் வியூவர் மாமா" என்றான் நண்பரின் மகன். தமிழில் என்ன என்று கேட்டேன். "நாணயப் பார்வைக் கருவி?" என்று இழுத்தான். அலுவலகப் பலகையில் எழுத அது ஆகும், வாயில் வராது. இந்த வேலைக்கென்றே நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: நோட்டம்.

இன்று நோட்டம் என்றால் 'நோட்டம் விடுதல்'தான். பூட்டிய வீட்டைத் திருடன் நோட்டம் விட்டான் என்று செய்தியில் வரும். ஆனால் தமிழ் அகராதிகளில் நோட்டம் என்பதற்கு நாணயப் பரிசோதனை என்ற பொருளும் உண்டு. காசு நல்லதா, கள்ளமா, எடை குறைந்ததா என்று பார்த்துச் சொல்பவர் நோட்டக்காரர். ரூபாய் நோட்டுக்கும் இதற்கும் உறவில்லை. அந்த நோட்டு ஆங்கிலத்திலிருந்து வந்தது.

வேரைத் தேடி இந்த ஊர்க்காரர்கள் தூரம் போகவேண்டாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் 'நோடு' என்பது தினமும் காதில் விழும். நோடு என்றால் பார். நோட்டம் அந்தக் குடும்பம். மலையாளத்திலும் நோட்டம் என்றால் பார்வைதான்.

இதைவிடப் பழைய சொல் வண்ணக்கன். பொன்னையும் காசையும் சோதிப்பவன் என்று பொருள். பொன்னின் நிறத்தைக் கொண்டு மாற்று, அதாவது அதன் தரம், காண்பவன் என்பதால் வண்ணம் உள்ளேயே இருக்கிறது. விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் போன்ற சங்கப் புலவர்களின் பெயர்களிலேயே தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் அரபியிலிருந்து 'சர்ராஃப்' வந்து, சராப்பு ஆகி, வெள்ளைக்காரன் வாயில் ஷராப் ஆயிற்று. கருவூலத்தில் பதவிப் பெயராகவும் உட்கார்ந்துகொண்டது. நோட்டக்காரர் வெளியே நின்றார்.

நோட்டக்காரர் இல்லாமல் அன்று இங்கே வியாபாரம் நடந்திருக்காது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதியை மைசூர் திப்பு சுல்தான் கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, விட்டுக்கொடுத்தார். அதனால் மைசூர் காசு செல்லாமல் போய்விடவில்லை. காந்தீரவ நரசராஜ உடையார் (1638–1659) பெயரால் வழங்கிய காந்திராயப் பணம், திப்புவின் யானைக் காசு, கும்பினிக் காசு என்று பலதும் புழங்கின. ஒவ்வொன்றுக்கும் மதிப்பு வேறு. மாற்றும்போது கழிக்கும் தொகைக்கு 'வட்டம்' என்று பெயர். பணம் என்பதே அன்று தனி நாணயம். பொன்தான், ஆனால் பொட்டு அளவு. தவறி விழுந்தால் தரையில் தேடமுடியாது.

அவ்வளவு சிறிய காசை எண்ணத்தான் குழிப்பலகை. திருவிதாங்கூரில் ரூபாய்க்கு 28 சக்கரம். அந்த வெள்ளிச் சக்கரங்களைக் கைப்பிடி அள்ளிப் பலகையில் கொட்டி, அரிசி புடைப்பதுபோல ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழும். மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை தயார். அதற்குச் சக்கரப்பலகை என்று பெயர். மண்டிப் பெட்டியில் இருப்பது அதன் பேரன், கண்ணாடி மட்டும் கூடுதல். ஆகவே நோட்டப்பெட்டி என்றேன். கண்ணாடியைத் தனியாகச் சொல்ல நோட்டக்கண்ணாடி.

பையன் பையிலிருந்த இரண்டு ரூபாயைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தான். ஆண்டுக்கு அடியில் குட்டி நட்சத்திரம்: ஐதராபாத்தில் அடித்தது. வைரம் என்றால் மும்பை, புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. சில்லறையாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தோம், இதையெல்லாம் பார்த்ததில்லை என்றார் நண்பர்.

பெட்டியின் மூலையில் ஒரு யானைக் காசும் கிடந்தது. செம்பு பளபளத்தது. விசாரித்தால், அதற்கு முந்தின நாள்தான் நண்பர் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். புளி மண்டிக்காரர், வேறென்ன செய்வார்? இருநூறு வருஷத்துக் களிம்பு போய், கண்ணாடி வழியே பார்த்தால் யானையின் முதுகெல்லாம் கீறல். தும்பிக்கை மட்டும் தப்பித்திருந்தது. சேகரிப்பவர்கள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

பெட்டியை மூடும்போது பையன் பெயரைச் சொல்லிப் பார்த்தான்: "நோட்டப்பெட்டி, நோட்டப்பெட்டி." மூட்டை தைத்துக்கொண்டிருந்த அம்மா ஊசியை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்.

"யாருப்பா நோட்டம் உட்டது?"