சீட்டுக்கு அடியில் ஆடும் பை

புதுச்சேரி லாசுப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "ரோடு பைக் (மெல்லிய டயர் கொண்ட சாலை சைக்கிள்) வாங்கியிருக்கிறேன். சீட்டுக்கு அடியில் மாட்ட எத்தனை லிட்டர் பை வாங்குவது? நண்பனுடைய பை வழி முழுக்க வாலாட்டிக்கொண்டே வருகிறது, அது ஏன்?"

முதல் கேள்வி சுலபம். உள்ளே போகவேண்டியதைத் தரையில் பரப்பிப் பாருங்கள்: மாற்று ட்யூப் ஒன்று, டயரை நெம்பிக் கழற்றும் லீவர் இரண்டு, மல்டிடூல் (பல திருகுசாவிகள் அடங்கிய மடக்குக் கருவி), பேட்ச் பெட்டி, அறுந்த செயினை இணைக்கக் குவிக் லிங்க், டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரின் பக்கச் சுவரில் வெட்டிய விரல் நீளத் துண்டு, பிரெஸ்டா அடாப்டர். எல்லாம் சேர்ந்து அரை கிலோவுக்குள் அடங்கும். 0.6 முதல் 0.8 லிட்டர் பை போதும். சிதம்பரம் வரை போய்த் திரும்புகிறவர் இன்னொரு ட்யூபுக்காக 1 லிட்டர் வாங்கலாம். அதற்கு மேல் வாங்கினால் மிச்ச இடத்தில் சாமான் உருளும்.

அந்த அடாப்டரை மட்டும் மறக்க வேண்டாம். ரோடு பைக் ட்யூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. கடலூர் சாலை பஞ்சர் கடைகளில் கம்ப்ரஸரின் வாய் மோட்டார்பைக் வால்வுக்கானது. சில கிராம் பித்தளைத் துண்டு இல்லையென்றால் கடை வாசலில் நின்றும் காற்று கிடைக்காது. வால்வு நுனியில் உள்ள குட்டி நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் அடாப்டரைத் திருக வேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே போகாது.

இப்போது வாலாட்டும் விஷயம். சீட்டுக்கு அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு ரெயில் கம்பிகள் ஓடுகின்றன. பையின் பட்டைகள் அவற்றில் மாட்டிக்கொள்ளும். பட்டை தளர்ந்திருந்தால் பை அந்தக் கம்பிகளில் தொங்கும் ஊசல், அவ்வளவுதான். பள்ளியில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஊசலின் அலைவு நேரம் நீளத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. "மல்டிடூலை எடுத்துவிட்டேன், இனி ஆடாது" என்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். எடை குறைந்தால் ஆட்டம் உடம்பில் குறைவாக உறைக்கும், தாளம் மாறாது.

அந்தத் தாளம் எவ்வளவு? கம்பியிலிருந்து பையின் எடை மையம் 11 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2π-ஆல் (π என்பது 3.14) பெருக்கினால் 0.67 வினாடி. நிமிடத்துக்கு 90 அலைவு. பழக்கப்பட்ட சைக்கிள்காரரின் கால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்? அதே 90, கொஞ்சம் முன்னே பின்னே. பெடல் ஒரு சுற்று வரும்போது இடுப்பு ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாகச் சாய்கிறது, சீட்டும் கூடவே சற்று அசைகிறது. ஊசலுக்கு அதனுடைய சொந்தத் தாளத்திலேயே தட்டு விழுகிறது. ஒவ்வொரு தட்டும் துளிதான். ஆனால் சரியான நேரத்தில் விழுவதால் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து பை எகிற ஆரம்பிக்கிறது. ஒத்ததிர்வு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. மலைப்பாதையில் ஓட்டுகிறவரின் பெடல் வேகம் ஏற்றத்தில் 60, இறக்கத்தில் பூஜ்யம் என்று மாறிக்கொண்டே இருக்கும். எந்தத் தாளமும் நிலைக்காது. காலாப்பட்டைத் தாண்டி மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை தட்டை. மணிக்கணக்கில் ஒரே கியர், ஒரே சுற்று. ஒத்ததிர்வு வளர இதைவிட வசதியான சாலை அமையாது.

திருஷ்டிக்கு ஹேண்டில்பாரில் கட்டும் எலுமிச்சம்பழம்கூட இதே ஊசல்தான், கயிற்றின் நீளத்துக்கு ஏற்ற தாளத்தில் ஆடுகிறது. கண்ணேறு கழிகிறதோ இல்லையோ, ஊசல் விதியை வண்டிக்கு வண்டி நிரூபித்துக் காட்டுவது அது ஒன்றுதான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாமான் நிரப்பிய பையை, அதன் பட்டையாலேயே ஒரு கம்பியில் தளர்வாகத் தொங்கவிட்டு லேசாகத் தள்ளுங்கள். 20 அலைவுக்கு எத்தனை வினாடி என்று கைப்பேசியில் அளவெடுங்கள். 12 முதல் 15 வினாடிக்குள் வந்தால் பை உங்கள் காலோடு கூட்டுச் சேரும். பத்து வினாடிக்குக் கீழே என்றால் கவலையில்லை. ஆய்வகத்துக்குப் பணமில்லை என்று ஊசல் சோதனையை நோட்டில் மட்டும் நடத்தும் பள்ளிகள் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பையும் ஒரு கம்பியும் என்ன செலவு வைக்கப்போகிறது?

தீர்வும் இதே கணக்கிலிருந்து வருகிறது. நீளத்தைக் குறையுங்கள். எடை மையத்தை 5 சென்டிமீட்டருக்கு ஏற்றினால் தாளம் நிமிடத்துக்கு 134 ஆகிவிடும். அந்த வேகத்தில் யாரும் நீண்ட நேரம் பெடல் மிதிப்பதில்லை. எனவே கனமான மல்டிடூல் மேலே, ரெயில் கம்பிக்கு ஒட்டி, ட்யூப் கீழே. தொங்கும் பையைவிட, சாமானைச் சுருட்டி ஒரே பட்டையால் கம்பியோடு இறுக்கும் சுருள் வகை இதனால்தான் அவ்வளவாக ஆடுவதில்லை. அடுத்து, சீட் போஸ்ட்டை, அதாவது சீட்டைத் தாங்கும் குழாயை, சுற்றி வரும் மூன்றாவது பட்டை. அதைக் கட்டியதும் பை ஊசலாகவே இருப்பதில்லை, விறைப்பான சுருள்வில்லாக (ஸ்பிரிங்) மாறுகிறது. பல பேர் அலட்சியமாக விடுவதும் இந்தப் பட்டையைத்தான்.

அந்தப் பட்டையில் இருக்கும் வெல்க்ரோ, இழுவிசை பட்டையோடு போகும்போது பலமாகப் பிடிக்கும்; நுனியிலிருந்து உரித்தால் உடனே விட்டுக்கொடுக்கும். ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 5 சென்டிமீட்டர் படிய வேண்டும். சொரசொரப்பான கொக்கிப் பக்கம் வெளியே தெரியும்படி கட்டினால் தொடை உரசி, நல்ல ஷார்ட்ஸ் நூல் பிரிந்துவிடும். கடற்கரை மணல் கொக்கிக்குள் அடைத்துக்கொண்டால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். தட்டையான ஏரோ சீட் போஸ்ட் என்றால் வாங்கும் முன் பட்டை சுற்றி வருகிறதா என்று கட்டிப் பார்த்துவிடுவது நல்லது. திருகாணிக் கிளாம்ப் வகையும் ஆடாது. ஆனால் அதிர்வில் திருகு தளரும், கார்பன் ரெயிலில் அளவுக்கு மீறி முறுக்கினால் நசுங்கும்.

உயரம் குறைந்தவர்களின் வண்டியில் ரெயில் கம்பிக்கும் பின் டயருக்கும் இடைவெளி குறைவு. பையை நிரப்பி மாட்டிய பிறகு கீழே 3 சென்டிமீட்டராவது மிஞ்சட்டும்.

உப்புக்காற்றுக்கும் ஒரு வார்த்தை. சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். புதுச்சேரி விடியற்காலையில் இந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஆக மல்டிடூலின் மேல் படிந்த உப்பு, மழை பெய்யாமலே உப்புத்தண்ணீர்ப் படலமாகி இரும்பை அரிக்கும். செயின் எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, ஜிப் கவரில் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பின் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராகப் பையின் அடியில்தான் விழும். எனவே ஜிப் பக்கவாட்டில் இருக்கும் பையாகப் பாருங்கள், அடியில் வேண்டாம்.

பம்ப்புக்குப் பதில் 16 கிராம் கார்பன் டையாக்சைடு குப்பி வைப்பவர்கள் உண்டு. 28 மில்லிமீட்டர் டயரைச் சுமார் 100 பிஎஸ்ஐ வரை நிரப்ப அது போதும். அந்த வாயு ரப்பரில் கரைந்து சீக்கிரம் கசியும். வீடு திரும்பியதும் காலிசெய்துவிட்டு சாதாரணக் காற்று அடியுங்கள். 31 டிகிரிக்கு மேல் குப்பிக்குள் திரவம் என்று எதுவும் மிஞ்சாது, அழுத்தம் விறுவிறுவென ஏறும். சித்திரை வெயிலில் பையோடு வண்டியை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

பையில் அடைந்து கிடக்கும் மாற்று ட்யூபே ஓட்டையாவதும் உண்டு. மல்டிடூலின் முனை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உரசி ரப்பரைத் தேய்த்துவிடும். டால்கம் பவுடர் தூவி, பழைய சாக்ஸுக்குள் திணித்து வையுங்கள். வால்வு மூடி அதன் தலையிலேயே இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள்.