வளர்ச்சியும் வளர்ப்பும்: ஒரு பட்டப்படிப்பின் தமிழ்ப் பெயர்

எங்கள் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி ‘சைல்ட் லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட்’ என்னும் பாடத்தைப் பட்டப்படிப்புக்கு எடுத்துக்கொண்டாள். தேவகோட்டை வீட்டின் வளவில் உட்கார்ந்து, அது என்ன படிப்பு என்று அவளுடைய அப்பத்தாவுக்கு விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘குழந்தை வளர்ப்பு பற்றிய படிப்பு’ என்று சொல்லிவிட்டேன். “புள்ளை வளக்கிறதுக்கு மூணு வருசம் காலேசுல போய்ப் படிக்கணுமாப்பா? நாங்கள்லாம் எந்தக் காலேசுல படிச்சு வளத்தோம்?” என்று ஆச்சி கேட்டார்கள். கேள்வி நியாயமானது, பிழை என் சொல்லில் இருந்தது.

வளர்தல் தன்வினை, வளர்த்தல் பிறவினை. பயிர் வளர்கிறது, உழவர் பயிரை வளர்க்கிறார். முன்னதிலிருந்து ‘வளர்ச்சி’ பிறக்கிறது, பின்னதிலிருந்து ‘வளர்ப்பு’ பிறக்கிறது. வளர்ப்பு பெரியவர்களின் செயல். ஆகவேதான் ‘வளர்ப்பு சரியில்லை’ என்னும் பழி எப்போதும் பெற்றோர் தலையில் விழுகிறது. வளர்ச்சியோ பிள்ளைக்குள் நிகழ்வது. இந்தப் பட்டப்படிப்பு ஆராய்வது இதைத்தான்: குழந்தைக்குப் பேச்சு எப்படி வருகிறது, நினைவு எப்படி நிலைக்கிறது, அச்சமும் பாசமும் எந்த வழியில் உருவாகின்றன, விளையாட்டில் அது எதைக் கற்கிறது, ஊட்டக் குறைவு அதன் அறிவை எப்படிப் பாதிக்கிறது என்பவற்றை. பிள்ளை வளர்ப்பதற்கு இந்த அறிவு உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதை வளர்ப்புப் பயிற்சி என்று சொல்வது, தாவரவியலைத் தோட்ட வேலை என்று சொல்வதற்கு ஒப்பானது.

நம் நாட்டில் இந்தத் துறை நெடுங்காலம் மனையியலின் ஒரு கிளையாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. உணவு, துணி, இல்ல மேலாண்மை ஆகியவற்றோடு சேர்ந்து நின்றதால் ‘வளர்ப்பு’ என்னும் நிழல் அதன்மேல் எளிதில் படிந்துவிட்டது என்று எண்ணுகிறேன். இன்று ஆசிரியர் பயிற்சியிலும் அது நடுவிடம் பெற்றிருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 மதிப்பெண்ணில் 30 இதற்கு உரியவை. அந்தத் தேர்வுக்கான கையேடுகளில் ‘குழந்தை வளர்ச்சி’, ‘குழந்தை மேம்பாடு’ என்று இரண்டு பெயரும் காணப்படுகின்றன.

‘டெவலப்’ என்னும் ஆங்கிலச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. பொதிந்து வைத்ததைப் பிரித்தல், சுற்றியதை அவிழ்த்தல் என்பதே அதன் முதற்பொருள். உள்ளே இருப்பது மெல்ல விரிந்து வெளிப்படுகிறது என்னும் காட்சி அதில் அடங்கியிருக்கிறது. அரும்பு முறுக்கவிழ்வதைத் தமிழர் எத்தனையோ சொற்களால் பாடியிருந்தாலும் துறைப்பெயராக அவை பொருந்தி வரவில்லை, ‘வளர்ச்சி’யே நிலைத்தது. அதுவும் ஏழைச் சொல் அன்று. வளர்பிறை என்கிறோம்; தாலாட்டிலே ‘கண்வளராய்’ என்று பாடுகிறோம். உறங்குவதையும் வளர்தலாகவே கண்ட மொழி இது. பிள்ளையின் உறக்கம் அதன் வளர்ச்சிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்று இந்தப் படிப்பில் வரும் பாடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

‘மேம்பாடு’ என்பதை நான் ஏற்பதில்லை. மேம்படுதல் என்றால் தாழ்ந்த நிலையிலிருந்து உயர்தல். ஊரக மேம்பாடு, திறன் மேம்பாடு என்னும் இடங்களில் அது சரி, ஏனென்றால் அங்கே ஒரு குறை நிரப்பப்படுகிறது. தவழும் குழந்தை நடக்கும் குழந்தையைவிடத் தாழ்ந்தது அன்று. தவழ்தல் அந்தப் பருவத்துக்குரிய முழுமை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட திட்டத்துக்குத் தமிழக அரசு ‘ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்’ என்று பெயரிட்டிருப்பது செம்மையான சொல்லாட்சி. அதன் மையங்களுக்கு வழங்கும் ‘அங்கன்வாடி’ இந்திச் சொல். ‘அங்கன்’ என்றால் முற்றம். செட்டிநாட்டு வீட்டில் பிள்ளைகள் ஓடி விளையாடும் வளவும் முற்றம்தான்.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சுகிறது. எடையும் உயரமும் கூடுவதற்கு ஆங்கிலத்தில் ‘குரோத்’ என்று வேறு சொல் உண்டு; தமிழில் அதற்கும் வளர்ச்சி என்றே எழுதுகிறோம். இதற்காகப் புதிய சொல் படைக்கத் தேவையில்லை. எடை, உயரத்தை ‘உடல்வளர்ச்சி’ என்று அடைகொடுத்துப் பிரித்து, மற்றவற்றை மொழிவளர்ச்சி, அறிவுவளர்ச்சி, மனவெழுச்சி வளர்ச்சி என்று எழுதினால் குழப்பம் தீரும்.

‘குழந்தை’ என்பதன் வேர் ‘குழ’. ‘மழவும் குழவும் இளமைப் பொருள’ என்பது தொல்காப்பிய உரியியல் நூற்பா. குழவியும் குழந்தையும் இதன் வழி வந்தவை. மழலை ‘மழ’வோடு சேரும். ஜெர்மன் கல்வியாளர் பிரோபல் 1840-இல் தம் பள்ளிக்குச் சூட்டிய ‘கிண்டர்கார்ட்டன்’ என்னும் ஜெர்மானியப் பெயருக்குப் ‘பிள்ளைத் தோட்டம்’ என்று பொருள். நாம் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் ‘மழலையர் பள்ளி’ என்றோம். ஒரே நூற்பாவின் இரு சொற்களும் இன்றுவரை ஒரே துறையில் வழங்குவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருவது.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது ஐந்தாம் மாதத்துச் செங்கீரை; இரு கை சேர்த்துக் கொட்டுவது ஒன்பதாம் மாதத்துச் சப்பாணி; தளர்நடை இட்டு வருவது வாரானை. இது ஆய்வு அன்று, இலக்கிய மரபு. ஆயினும் பருவத்தின் பெயரைக் குழந்தை செய்யும் செயலிலிருந்தே எடுத்த பார்வை போற்றத்தக்கது. ஒரு வயதில் குழந்தை புதிதாகச் செய்யத் தொடங்கும் செயலை இத்துறை ‘மைல்ஸ்டோன்’ என்கிறது; அதை ‘மைல்கல்’ என்று எழுதுவதைவிட ‘பருவச்செயல்’ என்று எழுதலாம் என்பது என் கருத்து.

இனிக் ‘கற்றல்’. படித்தல் நூலோடு ஒட்டியது. கற்றலுக்கு நூல் வேண்டியதில்லை. விடுமுறைக்கு வந்த அந்தப் பெண் ஒரு நாள் மாலை ஐந்து வயதுத் தம்பியின் முன்னே ஒரே அளவான இரண்டு டம்ளர்களில் பானகத்தைச் சமமாக ஊற்றினாள். இரண்டும் ஒன்றுதான் என்று அவன் ஒப்புக்கொண்டான். ஒன்றை அவன் கண்முன்னே அகன்ற டபராவில் மாற்றி, “இப்ப எதுல நெறைய இருக்கு?” என்றாள். “டம்ளர்ல.” ஆச்சி திருத்த வாயெடுத்தார்கள், அவள் கையமர்த்திவிட்டு, “எப்படிச் சொல்றே?” என்று அவனையே கேட்டாள். “ஒசரமா இருக்குல்ல” என்றான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் பியாஜே (1896–1980) செய்து காட்டிய சோதனை இது. வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்னும் எண்ணம் பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டியே உறுதிப்படுகிறது. அவன் சொன்ன விடை தவறாக இருக்கலாம். அவன் சொன்ன காரணம் அவனுடைய சிந்தனையின் வடிவத்தைக் காட்டுகிறது. இந்தப் படிப்பின் மாணவர் கற்க வேண்டியது, பிள்ளையைத் திருத்தாமல் அந்தக் காரணத்தைக் கேட்பது. கல்வியியல் நூல்கள் இதை ‘உற்றுநோக்கல்’ என்கின்றன. உறுதல் என்றால் நெருங்குதல், பொருந்துதல். எட்ட நின்று கண்காணிப்பதை இச்சொல் குறிக்காது.

டம்ளரைக் காலி செய்துவிட்டு அவன் ஓடியபின், “இவன் அப்பனும் இப்படித்தான் சொல்லுவான், நான் ஒரு குட்டு வச்சிருவேன்” என்றார்கள் ஆச்சி. பிறகு, “புள்ளை எப்படி வளருதுன்னுல்ல படிக்கிறா” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். தன்வினையைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

ஆகவே துறையைக் ‘குழந்தை வளர்ச்சியியல்’ என்றும், பட்டத்தை ‘இளங்கலை: குழந்தை கற்றலும் வளர்ச்சியும்’ என்றும் எழுதலாம். ‘கற்றல் மற்றும் வளர்ச்சி’ என்று எழுத வேண்டாம். ‘உம்’ இருக்கும்போது ‘மற்றும்’ எதற்கு? ‘குழந்தைக் கல்வி’யில் ஒற்று மிகுவதைப் பார்த்து இங்கும் ‘குழந்தைக் கற்றல்’ என்று திருத்துவோர் இருப்பார்கள். எழுவாய்த் தொடரில் வல்லினம் மிகாது. இந்தப் பெயரில் கற்பது குழந்தை, அதுவே எழுவாய்.