டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்

"கண் திறந்திருக்கிறது, தானாக மூச்சு விடுகிறார், கொட்டாவிகூட விடுகிறார். இவருக்கு நினைவே இல்லை என்று டாக்டர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?" டெர்ரி ஷியாவோ வழக்கைப் பற்றிப் படித்த ஒரு வாசகரின் கேள்வி இது.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1990 பிப்ரவரியில் டெர்ரி இதயம் நின்று விழுந்தார். அப்போது அவருக்கு 26 வயது. உயிர் பிழைத்தார், ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் மூளை கெட்டுப்போனது. வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. வயிற்றில் செருகிய டியூப் வழியாக உணவு போனது. இப்படி வாழ அவள் விரும்பியிருக்க மாட்டாள், டியூபை எடுங்கள் என்றார் கணவர். கூடவே கூடாது என்றார்கள் பெற்றோர். இரண்டு முறை எடுத்து, இரண்டு முறை திரும்பச் செருகி, 2005 மார்ச் 18 அன்று மூன்றாம் முறையாக எடுத்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் அவசரமாகக் கூடிச் சட்டமே போட்டது. நீதிமன்றங்கள் அசையவில்லை. மார்ச் 31 அன்று டெர்ரி இறந்தார்.

'நாட் டெட் யெட்' என்ற மாற்றுத்திறனாளிகள் அமைப்பு பெற்றோர் பக்கம் நின்றது. அவர்களுடைய வாதம் எளிமையானது: டெர்ரி சாகக் கிடக்கவில்லை, கடுமையான ஊனத்தோடு உயிரோடு இருக்கிறார். பிறர் ஊட்டிவிட்டால்தான் சாப்பிட முடியும் என்பதற்காக ஓர் உயிரை வேண்டாம் என்று முடிவு செய்தால், அடுத்து யார்?

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். விழித்திருப்பது வேறு, உணர்வோடு இருப்பது வேறு. கண்ணைத் திறப்பது, மூச்சு, தூக்கம் எல்லாம் மூளைத்தண்டும் அதைச் சுற்றிய பகுதிகளும் பார்த்துக்கொள்கிற வேலை. 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற உணர்வுக்கு மூளையின் மேல்பட்டையான பெருமூளைப் புறணியும், மூளையின் நடுவே இருக்கிற தாலமஸும் இணைந்து இயங்க வேண்டும். கோமாவில் விழிப்பு, உணர்வு இரண்டுமே இருக்காது. மூளைச்சாவில் மூளைத்தண்டே போய்விடும். டெர்ரிக்கு டாக்டர்கள் சொன்ன 'வெஜிடேடிவ்' நிலையில் முதலாவதான விழிப்பு இருக்கும், இரண்டாவதான உணர்வு இருக்காது. (நம் சினிமாக்களில் பாட்டைக் கேட்டுப் படக்கென்று எழுந்து உட்காருகிறவர் இந்த எதிலும் சேர மாட்டார்.)

ஆனால் இரண்டாவது இல்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கையைத் தூக்கு என்று சொல்லிப் பார்ப்பார்கள். தூக்கவில்லை என்றால் உணர்வு இல்லை என்று எழுதிவிடுவார்கள். உணர்வு இருந்து, கைக்கு உத்தரவு போகும் வழி மட்டும் அறுந்திருந்தால்?

2006இல் பிரிட்டனில் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு செய்த சோதனை என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது. சாலை விபத்துக்குப் பிறகு ஐந்து மாதமாக வெஜிடேடிவ் நிலையில் இருந்த 23 வயதுப் பெண். அவரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து, "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்யத் தொடங்கினால், அங்கே ரத்தக்குழாய்கள் விரிந்து, செலவாவதைவிட அதிகமாகவே ஆக்சிஜன் ஏறிய ரத்தம் பாயும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். ஆக்சிஜன் ஏறியது கலைக்காது. ஆக, வேலை நடக்கிற இடத்தில் கலைப்பு குறைந்து, எம்ஆர்ஐ பிடிக்கிற சிக்னல் சில விநாடி தாமதத்தில் ஏறும். எங்கே ஏறுகிறது என்பதில்தான் சாமர்த்தியம். டென்னிஸை நினைத்தால் கை அசைவைத் திட்டமிடும் பகுதி எழும். வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதை நினைத்தால், இடங்களை நினைவில் வைக்கும், முற்றிலும் வேறான பகுதிகள் எழும். அந்தப் பெண்ணுக்கு இரண்டும் சரியாக எழுந்தன. ஆரோக்கியமானவர்களின் படங்களிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

'டென்னிஸ்' என்ற சொல் காதில் விழுந்ததும் மூளை அனிச்சையாகத் துள்ளியிருக்கலாமே? சொல்லின் துள்ளல் சில விநாடிகளில் அடங்கிவிடும். இவருக்கோ, ஓய்வெடுங்கள் என்று சொல்லும்வரை, 30 விநாடி நீடித்தது. 2010இல் இன்னொரு நோயாளியிடம் 'ஆம்' என்றால் டென்னிஸ், 'இல்லை' என்றால் வீடு என்று ஏற்பாடு செய்து, குடும்பத்தைப் பற்றி ஆறு கேள்விகள் கேட்டார்கள். ஐந்துக்குச் சரியான பதில் வந்தது!

அப்படியானால் டெர்ரியையும் கருவிக்குள் வைத்திருக்கலாமே என்று தோன்றும். பிரேதப் பரிசோதனையில் அவர் மூளை 615 கிராம்தான் இருந்தது, இருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதி. பார்வைப் பகுதியும் அழிந்திருந்தது. பலூனைக் கண்ணால் தொடர்ந்ததாகத் தொலைக்காட்சிகள் காட்டிய டெர்ரியால் எதையும் பார்த்திருக்கவே முடியாது.

கருவியை ஒரேயடியாக நம்பிவிடவும் கூடாது. 2024இல் வெளிவந்த பெரிய ஆய்வில், படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் அசையாத 241 பேரில் 60 பேர் எம்ஆர்ஐயிலோ, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜியிலோ கட்டளைக்குப் பதில் கொடுத்தார்கள். நால்வரில் ஒருவர்! அதே ஆய்வில், கண்முன்னே கட்டளைக்கு அசைந்த 112 பேரில் 43 பேர்தான் கருவியில் தேறினார்கள். அதாவது கருவி 'ஆம்' என்றால் நம்பலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

உணர்வு இருக்கிறது என்று தெரிந்துவிட்டாலும் சண்டை ஓயாது. அந்த உயிர் அவருக்கு வேண்டுமா? உடல் முழுக்க முடங்கி, கண்ணசைவால் மட்டும் பேசுகிறவர்களிடம் பெல்ஜிய ஆய்வாளர்கள் 2011இல் கேட்டார்கள். 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்றார்கள். கருணைக்கொலை கேட்டவர்கள் 7 சதவீதம். பதில் சொல்ல முன்வந்தவர்களின் கணக்குதான் இது, எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனாலும், 'நானாக இருந்தால் செத்தே போயிருப்பேன்' என்று கட்டிலருகே நின்று சொல்கிற நம் ஊகம் நோயாளியின் விருப்பத்துக்குச் சாட்சியாகாது என்பதற்கு எனக்கு இது போதும். டியூபை எடுக்கவே கூடாது என்பதல்ல என் கட்சி. டெர்ரி விஷயத்தில் எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். அவசரப்படக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

எம்ஆர்ஐ ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று நானும் கேட்பேன். அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உணர்வு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறவர்களின் கண்கள் பொருளையும் ஆளையும்விடத் தங்கள் முகத்தையே எளிதாகப் பின்தொடரும். அதனால் முறையான பரிசோதனையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கண்முன் மெல்ல நகர்த்திப் பார்க்கச் சொல்கிறார்கள். உணர்வு ஒருநாள் எட்டிப்பார்த்து மறுநாள் மறையும் என்பதால், இரண்டு வாரத்துக்குள் ஐந்து தடவையாவது அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரே தடவை பார்த்து எழுதிய முடிவில் மூன்றில் ஒன்றுக்கு மேல் தவறாகிறதாம். இதற்குக் கோடிக்கணக்கில் கருவி வேண்டாம். பயிற்சி பெற்ற ஓர் ஆளும் தலைக்கு அரைமணி நேரமும் போதும்.