பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 படிக்கும் மாணவி ஒருத்தி போன வாரம் கணக்கு நோட்டோடு வகுப்புக்கு வந்தாள். பாதி நோட்டு வேகக் கணக்குதான். ஜூரோங்கிலிருந்து ஒரு கார், சாங்கியிலிருந்து ஒரு கார், இரண்டும் எங்கே சந்திக்கும்? கோடு வரைந்து, அம்புக்குறி போட்டு, விடையைச் சிவப்பு மையில் கட்டமிட்டு, அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறாள். ஆனால் 2026 முதல் வேகம் தொடக்கநிலை 6 கணிதத்தில் கிடையாது, உயர்நிலை 1க்குப் போய்விட்டது. வீட்டில் இருந்தது அக்காவின் பழைய அசெஸ்மென்ட் (பயிற்சி) புத்தகம். துணைப்பாட (டியூஷன்) ஆசிரியரும் அதையே வைத்து நடத்தியிருக்கிறார். யாருமே பாடத்திட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை. இந்த வருடம் இதையே பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

பெற்றோரிடம் சொன்னால் உடனே வரும் பதில்: “கூடத் தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே சார்?”

இப்போது நல்லதில்லை. தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பிஎஸ்எல்இயின் எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசியில். முன்பு தொடக்கநிலை 5இல் தொடங்கிய விகிதமும், அங்கேயே முடிந்த சராசரியும் இப்போது தொடக்கநிலை 6இல்தான் வருகின்றன, அதாவது இந்த ஒரே வருடத்தில் புதிதாகப் படித்து, பழகி, தேர்வும் எழுத வேண்டும். வேகத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு சனிக்கிழமையும் விகிதத்துக்குக் கிடைக்காத சனிக்கிழமை. வட்ட விளக்கப்படம் தொடக்கநிலை 4க்கு இறங்கிவிட்டது, அதைப் பள்ளியில் இனிமேல்தான் நடத்துவார்கள் என்று காத்திருக்கும் வீடுகளும் உண்டு. இதையெல்லாம் விட எனக்கு வருத்தம் தருவது வேறு. தேவையே இல்லாத கடினமான கணக்குகளில் திரும்பத் திரும்பத் தோற்ற பிள்ளை, “எனக்குக் கணக்கு வராது” என்று முடிவே கட்டிவிடுகிறது. கூடத் தெரிந்துகொண்டதன் பலன் அதுதான்.

பழைய தேர்வுத்தாள்களும் பாடத்திட்டம் ஆகாது. அந்த வருடம் என்ன கேட்டார்கள் என்று அவை சொல்லும், அவ்வளவுதான். கால்குலேட்டர் இல்லாமல் எழுதும் முதல் தாளுக்கு முன்பு 45 மதிப்பெண், ஒரு மணி நேரம். இப்போது 50 மதிப்பெண், ஒரு மணி பத்து நிமிடம். பழைய தாளை வைத்து நேரம் பழக்கினால் பிள்ளைக்கு நேரக் கணக்கு தப்பாகத்தான் பதியும்.

சக துணைப்பாட ஆசிரியர்களே, போன வருட நோட்ஸை அப்படியே ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். எந்த நிலையில் எது, எது வரை என்று தெரிந்தால்தான் எங்கே நிறுத்துவது என்று நமக்கே தெரியும். மாணவனுக்கும் பாடத்திட்டத்தில் ஒரு பிரதி கொடுங்கள். முடித்த தலைப்பை அவனே டிக் போடட்டும், என்ன மிச்சம் என்று அவன் நம்மைக் கேட்கத் தொடங்குவான்.

கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பாடத்திட்டமும், சிங்கப்பூர்த் தேர்வு மதிப்பீட்டுக் கழகத்தின் தளத்தில் தேர்வு அமைப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன. தேர்வு எழுதும் வருடத்தைச் சரிபார்த்து எடுங்கள். புத்தக அட்டையில் ‘புதிய பாடத்திட்டம்’ என்று போட்டிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள், எந்த வருடத்துப் புதிது என்று உள்ளே பாருங்கள். உயர்நிலைப் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்கள் 2027இல் எழுதப்போவது பழைய ஓ நிலை, என் நிலைத் தேர்வு அல்ல, புதிய பொதுச் சான்றிதழ்த் தேர்வு. அண்ணனின் புத்தகங்களை எடுத்துக் கொடுக்கும் முன் அதையும் பாருங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், பிள்ளையை உட்கார வைத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.