ஏழு வருடம் வாங்காத டிவிடெண்ட்: பணத்தோடு பங்கும் எங்கே போகிறது?

ஒரு பங்கின் டிவிடெண்ட் (கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் பணம்) வரலாற்றைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஈல்டு, அதாவது பங்கு விலையில் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அதே பட்டியலை வங்கி பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. ஒப்பிட்டே ஆக வேண்டும். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்டை வாங்காமல் விட்டால் அந்தத் தொகை மட்டுமல்ல, பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு, அதாவது ஐஇபிஎஃப்புக்குப் போய்விடும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 124-வது பிரிவு சொல்வது இதுதான்.

நாள் கணக்கு இப்படி ஓடும். 2019 ஆகஸ்ட் 10 அன்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் டிவிடெண்ட் அறிவித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளுக்குள், அதாவது செப்டம்பர் 9-க்குள் பணம் தர வேண்டும். யாருக்காவது போய்ச் சேரவில்லை என்றால் அடுத்த 7 நாளில் அந்தத் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். செப்டம்பர் 16 அன்று அப்படிப் போட்டிருந்தால், 2026 செப்டம்பர் 16-ஓடு கெடு முடிகிறது. அதுவரை கம்பெனியிடமோ அதன் பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும் பதிவாளரிடமோ (ஆர்டிஏ) கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்காதவர்களின் பெயரும் தொகையும் கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்கும்.

இங்கே ஒரு விதி பெரிய பாதுகாப்பு. அந்த ஏழு ஆண்டுகளில் ஏதாவது ஒரு வருடத்து டிவிடெண்டையாவது நீங்கள் வாங்கியிருந்தால் பங்குகளை ஐஇபிஎஃப்புக்கு மாற்ற முடியாது. அதனால் தொகை சில ரூபாய்தான் என்றாலும் விட்டுவிடாதீர்கள்.

பணம் ஏன் வராமல் போகிறது? பல நேரம் காரணம் வங்கி விவரம்தான். 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன. ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் மாறின. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் பழைய குறியீடே இருந்தால் பணம் திரும்பிவிடக்கூடும். காகிதப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: 2024 ஏப்ரல் 1 முதல், ஃபோலியோவில் (கம்பெனியிடம் உள்ள உங்கள் பங்குக் கணக்கில்) பான், வங்கிக் கணக்கு, மாதிரிக் கையெழுத்து போன்ற கேஒய்சி விவரங்கள் முழுமையாக இல்லையென்றால் டிவிடெண்ட் நிறுத்தி வைக்கப்படும். வீட்டில் பெரியவர்களின் பீரோவில் பழைய பங்குச் சான்றிதழ் இருந்தால் உடனே எடுத்துப் பாருங்கள்.

ஐஇபிஎஃப்புக்குப் போய்விட்டாலும் உரிமை போகாது. கேட்பதற்குக் கால வரம்பு இல்லை. அங்கே இருக்கும்போது அந்தப் பங்குகளுக்கு வந்த டிவிடெண்டையும் போனஸையும் சேர்த்தே கோரலாம். வாக்குரிமை மட்டும் முடக்கத்தில் இருக்கும்.

முதலில் கம்பெனிக்கோ பதிவாளருக்கோ ஆவணங்களை அனுப்பி, அவை உங்களுக்கு உரியவை என்று உறுதி செய்யும் உரிமைக் கடிதம் வாங்குங்கள். பிறகு கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் ஐஇபிஎஃப்-5 படிவத்தை நிரப்ப வேண்டும்; கட்டணம் இல்லை. படிவத்தின் அச்சுப்பிரதி, ஒப்புகைச் சீட்டு, இழப்பீட்டுப் பத்திரம், முன்ரசீது (பெற்றுக்கொண்டதாக முன்கூட்டியே எழுதித் தரும் ரசீது), ஆதார் நகல், ரத்து செய்த காசோலை, டீமேட் கணக்கின் கிளையன்ட் மாஸ்டர் லிஸ்ட் (கணக்கு விவரப் பட்டியல்) ஆகியவற்றைக் கம்பெனியில் ஐஇபிஎஃப் கோரிக்கைகளைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள். கம்பெனி 30 நாளில் சரிபார்ப்பு அறிக்கை தர வேண்டும். பங்குகள் டீமேட்டுக்குத்தான் திரும்பும், எனவே அந்தக் கணக்கு முன்பே வேண்டும். ஒரு கம்பெனிக்கு ஒரு நிதியாண்டில் ஒரே கோரிக்கைதான் அனுமதி என்பதால் எல்லா வருடத் தொகையையும் பங்குகளையும் ஒரே படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.

நம்மவர்களுக்கு அடிக்கடி இடிப்பது இனிஷியல். சான்றிதழில் ஒற்றை எழுத்து, பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயர், ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் என்று மூன்று விதமாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை உரிமைக் கடிதம் கேட்கும்போதே இணைத்துவிடுங்கள். படிவம் போட்ட பிறகு திருத்துவதைவிட அது எவ்வளவோ எளிது.